ஆறு கண்ணாடியில் ஒரு கோபுரம்

பொன்செல்வியோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கேயும் போகக் கூடாது. போனால் அரை மணி நேர வேலை மத்தியானம் வரைக்கும் இழுக்கும். பால் வாங்கப் போனவள் பாலை மறந்துவிட்டு ஏதாவது ஒரு மச்சு வீட்டுக்கு முன்னால் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் புதிதாக எழும்பியிருக்கிற ஸ்கேன் சென்டரும் அந்த மச்சு வீடும் ஒரே படத்தில் அடங்குகிற இடம் எது என்று தேடுகிறாளாம். இப்படித் தேடித்தான் ஒரு தடவை பின்னாலேயே நடந்து போய் சாக்கடைக்குள் காலை விட்டாள். அன்றைக்கு அவள் போட்டிருந்தது என் செருப்பு.

நான் திருநெல்வேலி டவுணில் பிளவுஸ் தைக்கிறவள். 'முத்துராணி டெய்லர்ஸ்' என்று போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன். இருந்தாலும் ஜனங்கள் 'ஸ்டுடியோவுக்கு அடுத்த கடை' என்றுதான் எனக்கு அடையாளம் சொல்கிறார்கள். அந்த ஸ்டுடியோ பொன்செல்வியுடையது. நடுவில் ஒற்றைச் சுவர்தான். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும், என் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட வேண்டுமென்றால் அவள்தான் முதலில் சொல்வாள்.

ஸ்டுடியோவில் சோறு போடுகிற வேலை பாஸ்போர்ட் சைஸ் படம், காதுகுத்து, சடங்கு, கல்யாணம். கணவன் மணிராஜ் டவுண் பஸ் ஓட்டுகிறவர். சாதுவான மனிதர். வீட்டில் கையில் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, பெண்டாட்டி எடுத்த படங்களை எல்லாம் 'நல்லாருக்கு' என்று ஒரே மார்க் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். கூடவே இருப்பது பொன்செல்வியின் அம்மா பேச்சித்தாய். முப்பது வருஷத்துக்கு மேல் சித்தாளாக மண்ணும் செங்கலும் சுமந்த உடம்பு. பொன்செல்வி சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா வேலை செய்கிற கட்டடத்துக்குப் போய் மணல் குவியலில் உட்கார்ந்திருப்பாளாம். சாரத்தைப் பிரித்துக் கட்டடம் வெளியே தெரிகிற நாள்தான் அவளுக்குத் தீபாவளி மாதிரி. இந்தக் கட்டடப் பைத்தியம் அங்கே பிடித்ததுதான்.

பழைய வீட்டை இடிக்கிறார்களே என்று கண்ணைக் கசக்குகிற ரகம் இல்லை அவள். புதிதைப் பார்த்து முகம் சுளிக்கிறவளும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிறதே, அந்த நிலைதான் அவளுக்கு வேண்டும். ஆற்றுப் பாலத்துக்கு அடியில் இறங்கி நின்று, பழைய கல் வளைவுகளுக்கு ஊடாகப் புதுப் பாலத்தின் தூண்கள் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்திருக்கிறாள். பாளையங்கோட்டையில் ஓட்டு வீட்டு முகப்புக்கு மேலே செல்போன் டவர் நிற்கிறது மாதிரி ஒன்று. வயர்களை மட்டும் கம்ப்யூட்டரில் அழிக்க மாட்டாள். "வயர் இல்லாத டவுண எடுக்கணும்னா வேற ஊருக்குத்தான்க்கா போகணும்" என்பாள்.

இந்தப் படங்களைப் பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருந்தாள். படம் எடுக்க வருகிறவர்கள் பார்ப்பார்கள். "இது என்னம்மா, பத்திரம் பதியுததுக்கு எடுத்த போட்டோவா" என்று கேட்பார்கள். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டு, "கொஞ்சம் தலைய நிமித்துங்க" என்பாள். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும். கல்யாண ஆல்பத்தில்கூட அவள் பெயர் வராது. மாமனார் வைத்த 'மணி ஸ்டுடியோ'தான் வரும்.

போன வருஷம் ஐப்பசி மாதம் தளவாய் அண்ணாச்சி ஸ்டுடியோவுக்கு வந்தார். எங்கள் தெருக் கோடியில் அவருக்குப் பெயிண்ட், சிமெண்டுக் கடை. ஜனவரி வருஷப் பிறப்புக்கு வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் தினசரி காலண்டர் கொடுப்பார். அட்டையில் ஒரே ஒரு படம், அதற்குக் கீழே கிழிக்கிற தாள் கட்டு. அந்த ஒரு படம்தான் வருஷம் முழுவதும் வீட்டில் தொங்கும். எப்போதும் முருகன் படம். மேலப்பாளையத்து முஸ்லிம் வாடிக்கைகளுக்கும் பாளையங்கோட்டைச் சர்ச் வாடிக்கைகளுக்கும் மட்டும் அருவி, வாத்து, பனிமலை என்று தனியாக வரவழைப்பார். வருஷா வருஷம் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். முருகன் போக வேண்டிய வீட்டுக்கு வாத்து போகும். வாத்து போக வேண்டிய வீட்டில் இருந்து முருகன் மரியாதையாகத் திரும்பி வருவார்.

"இந்த வருசம் எல்லாத்துக்கும் ஒரே படம்" என்றார் அண்ணாச்சி. "நம்ம யாவாரம் என்ன? பழசுக்குப் பெயிண்டு, புதுசுக்கு சிமெண்டு. அது ரெண்டும் ஒண்ணா வரணும். நம்ம ஊராவும் இருக்கணும். நீதான் இப்படி எடுத்து மாட்டிருக்கியே தாயி, ஒண்ணு எடுத்துக் குடு. கீழ உம்பேரையும் போட்டிருவோம்."

அவரிடம் 'பாக்குதேன் அண்ணாச்சி' என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் தலை மறைந்ததும் என் கடைக்கு ஓடி வந்து, பெயரைப் 'பொன்செல்வி' என்று போடவா, 'ம. பொன்செல்வி' என்று போடவா என்று கேட்டாள். சாயங்காலம் திரும்பக் கேட்டாள். மறுநாளும் கேட்டாள். "'ம' இருந்தா மணிராஜுக்கும் ஒரு சந்தோசம்" என்று நான் முடித்துவைத்தேன். தன் படம் ஒரு வருஷம் ஊரார் வீட்டுச் சுவரில் தொங்க வேண்டும், ஜனங்கள் காலையில் எழுந்து தேதி கிழிக்கும்போது அதைப் பார்க்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். ஆனால் அந்த ஆசையில் அவளுக்குத் தூக்கம் போயிற்று.

கீழ ரத வீதியில் கோயிலைப் பார்த்தாற்போல நான்கு மாடியில் ஒரு வணிக வளாகம் புதிதாகக் கட்டியிருந்தார்கள். முகப்பு முழுவதும் நீலக் கண்ணாடி. அதை ஒட்டியே ஒரு பழைய மச்சு வீடு, மேலே மரக் கம்பி அடைத்த அளி, நாட்டு ஓடு. அந்த இரண்டையும் சேர்த்து எடுக்க அவள் பல ஞாயிற்றுக்கிழமை போனாள். ஒரு நாள் கண்ணாடியில் தூசி. ஒரு நாள் முன்னால் லாரி. ஒரு நாள் எல்லாம் சரியாக இருந்தது, வெயில் இல்லை. நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பேன்.

கார்த்திகையில் இரவெல்லாம் மழை கொட்டிய ஒரு காலை. கண்ணாடி கழுவிவிட்டது போல இருந்தது. சூரியன் அந்த வளாகத்துக்குப் பின்னால் இருந்து ஏற, வெயில் நேராகக் கோபுரத்தின் மேல் விழுந்தது. கண்ணாடி நிழலில், கோபுரம் வெளிச்சத்தில். பொன்செல்வி கோயில் பக்கம் நின்று பார்த்தபோது கோபுரம் கண்ணாடிக்குள் வந்திருந்தது. ஒரே கண்ணாடியில் இல்லை, ஆறு கண்ணாடியில். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு, ஒன்றுக்கொன்று சற்றே விலகி. பார்டர் சேராமல் தைத்த புடவைத் தலைப்பு மாதிரி இருந்தது எனக்கு. பக்கத்தில் மழையில் நனைந்த ஓட்டு வீடு, அது தனக்குச் சம்பந்தமில்லை என்பது போல. குறுக்கே வழக்கம்போல வயர்கள்.

அவள் எடுத்துவிட்டுக் காமிராவின் பின்பக்கத்தை எனக்குக் காட்டினாள். எப்போதும் ஏதாவது குறை சொல்லும் எனக்கு அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை. பழசு புதுசுக்குள்ளே போய் உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி பார்த்துவிட்டு, "நான் கேட்டது இதுதான்" என்றார். அன்றே சிவகாசிக்கு அச்சடிக்க அனுப்பிவிட்டார்.

மார்கழி பிறந்ததும் காலண்டர்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்கின. கீழே சின்ன எழுத்தில் 'படம்: ம. பொன்செல்வி'. எனக்கு ஒன்று, மணிராஜுக்கு ஒன்று என்று முதல் கட்டைப் பிரித்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மணிராஜ் வழக்கமான 'நல்லாருக்கு'வோடு 'ரொம்ப' என்று ஒன்று சேர்த்துக்கொண்டார்.

வினை அண்ணாச்சியின் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவர் மனைவி கோமதியம்மா நல்ல மனுஷி. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில், பிரதோஷம் தவறாமல் விரதம். காலண்டரைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பெயிண்ட் கடைக்கு நேராக வந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் இருந்தோம்.

"இது என்னது, கோபுரம் துண்டு துண்டா கெடக்கு" என்றார்.

"அது கண்ணாடில விழுந்த நெழல், மதினி" என்றாள் பொன்செல்வி.

"நெழலோ நெசமோ, பின்னமான படத்த வீட்டுல வைக்கலாமா? மூக்கு உடைஞ்ச பொம்மையவே ஆத்துல கொண்டு விடுதோம். உடைஞ்ச கோபுரத்தையா வருசப் பொறப்புக்கு வீடு வீடாக் குடுக்கப் போறிய?" இது அண்ணாச்சிக்குச் சொன்னது. அவர் பெயிண்ட் டப்பாக்களைப் பார்த்தார்.

அப்போது கடையில் தாவூது இருந்தார். மேலப்பாளையத்துக்காரர், கண்ணாடி, அலுமினிய வேலை எடுத்துச் செய்கிறவர். அந்த வளாகத்துக்குக் கண்ணாடி மாட்டியதே அவர்தான். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கோபுரம் உடையலம்மா. நம்ம கண்ணாடிதான் ஒரு நூல் முன்னப்பின்ன நிக்குது. எஞ்சினியருக்குத் தெரியாம இருந்துச்சு, இந்தப் பிள்ள படம் எடுத்துக் காட்டிக் குடுத்துட்டு" என்றார். அண்ணாச்சியும் நானும் சிரித்தோம். கோமதியம்மா சிரிக்கவில்லை.

பேச்சு தெருவில் பரவ எவ்வளவு நேரமாகும். காலண்டர் வாங்கிப் போன ஓரிருவர் மறுநாளே கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். 'போன வருசம் மாதிரி முருகன் இருந்தா குடுங்க அண்ணாச்சி' என்றார்கள். ஒருவர் சுருட்டியபடியே பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார். அண்ணாச்சி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பொன்செல்வியைக் கூப்பிட்டனுப்பினார்.

"தாயி, நீ வருத்தப்படாத. அந்தக் கோபுரம் இருக்க எடத்துல பைய ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர ஒட்டிருவோம். சாமிக்குச் சாமியும் ஆச்சு, படமும் தப்பிச்சிரும்."

அவள் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் குரல் இன்னும் தணிந்துதான் போயிற்று. "பிள்ளையார ஒட்டுதியன்னா எம்பேர அடிச்சிருங்க அண்ணாச்சி. அது எம்படம் இல்ல" என்றாள்.

அவர் கெட்டவர் இல்லை. ஒட்டவும் இல்லை. சிவகாசிக்குப் போன் போட்டு, கிடங்கில் கிடந்த முருகன் அட்டைகளை அவசரமாக வரவழைத்துக்கொண்டார். பொன்செல்வியின் காலண்டர் கட்டுகளைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி ஸ்டுடியோவுக்கு அனுப்பிவிட்டார். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற நாற்காலிக்குப் பின்னால் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. நீலத் திரையைக்கூட அந்தக் கட்டுகளின் மேல்தான் தொங்கவிட வேண்டியிருந்தது. அவள் சிரித்த முகமாகவே 'தலைய நிமித்துங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரியும், வாடிக்கைக்காரர் போன பிறகு அங்கே ஒரு சத்தமும் இருக்காது. எனக்குக் கோமதியம்மாவின் மேல் அப்படி ஒரு ஆத்திரம். அவருடைய பிளவுஸ் ஒன்று என்னிடம் தைக்கக் கிடந்தது. வேண்டுமென்றே ஒரு வாரம் இழுத்தடித்தேன்.

கட்டைப் பிரித்தது பேச்சித்தாய்தான். காலையில் காப்பி குடித்துவிட்டு ஸ்டுடியோவுக்கு வந்தவர், கையால் எத்தனை பிடிக்க முடியுமோ அத்தனையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எங்கன கொண்டு போற?" என்றாள் மகள்.

"முக்குக்கு."

கொத்தனார்களும் சித்தாள்களும் காலையில் வேலைக்குக் கூப்பிடுகிறவர்களை எதிர்பார்த்து நிற்கிற முக்கு அது. பேச்சித்தாய் பாதி ஆயுசு நின்ற இடம்.

"வேண்டாம்மா. அவளுவளும் திருப்பிக் குடுத்திருவாளுவ."

"ஏட்டி, வீடு நிறையச் சாமி வச்சிருக்கவ திருப்பிக் குடுப்பா. அண்ணாச்சி காலண்டரு வீடு கட்டுதவனுக்குக் குடுப்பாரு, மண்ணு சுமக்குதவளுக்கா குடுப்பாரு? அவளுக்கும் நாளு, கெழம தெரியாண்டாமா?"

அப்படியே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனார். தாவூதும் ஒரு நாள் வந்து தன் ஆட்களுக்கென்று ஒரு கட்டு எடுத்துப் போனார், தன் தப்பு ஊருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று. பொங்கலுக்குள் ஸ்டுடியோவில் நாற்காலியைப் பின்னால் நகர்த்த இடம் வந்துவிட்டது. பொன்செல்விக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. சும்மா கொடுத்தால் யாரும் வாங்குவார்கள், மாட்டுவார்களா என்றாள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு அடியில் விரிப்பார்கள், ஜன்னல் ஓட்டையை அடைப்பார்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போவதையும் விட்டுவிட்டாள். என் செருப்புக்கு நிம்மதி. எனக்குத்தான் இல்லை.

தை மாதக் கடைசியில் சுத்தமல்லிப் பக்கம், பெண் பெரியவளானதற்கு ஒரு சடங்கு வீடு. படம் அவள், பெண்ணுக்குப் பட்டுப் பிளவுஸ் நான். பிளவுஸ் கையைக் கடைசி நேரத்தில் பிடிக்க வேண்டியிருந்ததால் இருவரும் விடியும் முன்னமே ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தோம். அரசாங்கத் திட்டத்தில் கட்டிய வீடு. வெளிச்சுவர் இன்னும் பூசவில்லை, செங்கல் தெரிந்தது. பெண்ணின் அம்மா இசக்கியம்மாளும் சித்தாள் வேலைக்குப் போகிறவள்தான். எங்களை உள்ளே கூப்பிட்டு அடுப்படியில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள்.

டம்ளரை வாங்கின பொன்செல்வி குடிக்கவில்லை. அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். அடுப்புக்கு எதிர்ச் சுவரில், சின்ன மரப் பலகையில் ஒரு விளக்கு. விளக்குக்கு மேலே அந்தக் காலண்டர். தேதி அன்றைய தேதி. நீலக் கண்ணாடியின் ஆறு சட்டத்திலும் சந்தனம் இட்டு, அதன் மேல் ஆறு குங்குமப் பொட்டு.

இவள் எங்கே கேட்கப் போகிறாள். நான்தான் கேட்டேன். "என்னம்மா, ஒரே படத்துக்கு இத்தன பொட்டு?"

"கோபுரம் ஆறுலயும் இருக்குல்லாக்கா" என்றாள் இசக்கியம்மாள், அடுப்பில் இருந்து பாலை இறக்கிக்கொண்டே. "ஒண்ணுல வச்சிட்டு ஒண்ண விட்டா நல்லாவா இருக்கும். அதான் எல்லாத்துலயும் வச்சிருதேன்."

"உடைஞ்ச கோபுரம், வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்லுதாவளே."

அவள் பாத்திரத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆரு சொன்னா? அந்தக் கட்டடத்துக்கு நான்லாக்கா மண்ணு சுமந்தேன். மத்தியானம் கோயில் பக்கத்து நெழல்ல உக்காந்து கஞ்சி குடிப்போம். அப்பத்தான் கண்ணாடி மாட்டுதானுவ. மொத நாளு ஒண்ணு மாட்டுனான், அதுல கொஞ்சம் கோபுரம் தெரிஞ்சு. மறுநாளு ஒண்ணு, இன்னும் கொஞ்சம். நாங்க தெனம் சோத்துச் சட்டியத் தொறந்துட்டு, இன்னைக்கு எம்புட்டு வந்திருக்குன்னுதான் பாப்போம். ஆறாவது மாட்டுன அன்னைக்கு முழுசா நிக்கி. எவளோ ஒருத்தி எந்திச்சுக் கும்பிட்டா, அப்புறம் எல்லாரும் கும்பிட்டோம். உடைஞ்சதுன்னு சொன்னவ கடைசில வந்து பாத்திருப்பா. அது ஒண்ணொண்ணா சேந்து வந்ததுல்லா."

பொன்செல்வி அழுதுவிட்டாள். மறைக்கவும் முடியவில்லை, காமிராப் பை ஒரு தோளில், காமிரா கழுத்தில், காப்பி கையில். இசக்கியம்மாள் பதறிப்போய், "என்னக்கா, நான் எதும் தப்பாச் சொல்லிட்டனா" என்றாள்.

"நீ ஒண்ணும் சொல்லல. அந்தப் படத்த எடுத்தவ இவதான்" என்றேன். "கீழ பேரு போட்டிருக்கு பாரு."

இசக்கியம்மாள் எழுத்தைப் பார்க்கவில்லை. பொன்செல்வியைத்தான் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளறையைப் பார்த்து, "ஏட்டி, இங்கன வா, நம்ம கோபுரத்த எடுத்த அக்கா வந்திருக்காவ" என்று மகளைக் கூப்பிட்டாள். தலையில் பாதிப் பூவோடு அந்தப் பெண் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தது.

விளக்குப் பலகையில் இருந்து குங்குமச் சிமிழை எடுத்து நீட்டினாள் இசக்கியம்மாள். பொன்செல்விக்கு எடுத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. நெற்றியை மட்டும் கொஞ்சம் குனிந்து காட்டினாள். காலையில் ஆறு கண்ணாடிக்கும் வைத்த சிவப்பு இன்னும் போகாமல் இருந்த விரலாலேயே இசக்கியம்மாள் அவளுக்கும் ஒன்று வைத்துவிட்டாள்.